பைக்குள்ள நிக்கிற காத்து

தோஹா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கட முழங்கால் நோவு குறைஞ்சிதா?

அப்பாட முப்பத்தொண்டாம் நாள் கிரியையும் முடிஞ்சிது, இனி மீன் தின்னு எண்டீங்க. அவர் கடைசியா வாவியில பிடிச்சு, காத்து உறிஞ்சிற மெஷினில அடைச்சு அனுப்பின மணலை மீன் இன்னும் ஃப்ரீசரில கிடக்கு. நேத்து றூமில இரிக்கிற சுரேன் கறிக்கெண்டு பையை வெட்டப் போனான். கத்தியைப் பறிச்சிட்டன். பயப்பிடாதீங்க, கையில காயமில்ல.

அப்பா அவசரக்காரர்தானே, மெஷின் முடிக்க முந்தியே பையை இழுத்திருவார். இதிலயும் ஒரு மூலையில கொஞ்சம் காத்து நிக்கிது. விரல் வைச்சா மெத்தெண்டு அசையிது. அது நம்மட வீட்டுக் குசினிக் காத்து, அவர் மூச்சு விட்ட காத்து. வெட்டினாப் போயிரும்.

வேலைக்குப் பஸ் வந்திட்டு. மெஷினை ஆருக்கும் குடுத்திராதீங்க. மிளகாய்த்தூள் அடைச்சு அனுப்பக்குள்ள, நீங்களும் காத்தை முழுக்க எடுத்திராதீங்கம்மா.

மகன்
கிருபாகரன்