நீர் உள்ளே வரக்கூடாது

அக்டோபர் 4, 1976, திங்கள்

ஆய்வகக் கதவில் டாக்டர் லூர்ஸ் ஓர் அட்டை மாட்டியிருக்கிறார்: "நீர் உள்ளே வரக்கூடாது." அதன் கீழே எழுதி வைத்தேன்: "சரி, வீட்டுக்குப் போகிறேன். இப்படிக்கு, பயிற்சிப் பெண் விப்கெ."

எல்லாரும் சிரித்தார்கள், டாக்டரைத் தவிர. "இன்னொரு சேட்டை பண்ணினா நிஜமாவே போயிடலாம். புரொபேஷன் இருபத்தொம்பதாம் தேதி முடியுது. ஞாபகம் இருக்கட்டும்."

போனால்? அல்டோனா மீன் சந்தையில் அத்தையோடு ஹெரிங் மீனுக்குத் தலை வெட்ட வேண்டும். அதுவும் தலையாய பொறுப்புதான்.

அக்டோபர் 11

எங்கள் அலுமினியம் குண்டான் செய்கிற வகை இல்லை. இது திரவம்; புட்டியில் தெளிவாக, சாதுவாக இருக்கும். காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும், தண்ணீர் பட்டால் சீறும். என் அக்கா மாதிரி. ஆராய்ச்சி மாணவர் ஹார்ம் (வயது இருபத்தாறு, அதில் பாதி கழுத்து) அதோடு ஒரு சிட்டிகை சிர்க்கோனியம் சேர்த்து எத்திலீன் வாயுவை விடுகிறார். மூலக்கூறுகள் கைகோத்து பிளாஸ்டிக் ஆக வேண்டும். ஐந்து மாதமாக ஒன்றும் கோக்கவில்லை. கோபித்துக்கொண்ட சம்பந்திகள்.

அக்டோபர் 14

தண்ணீர்ப் பீச்சுப்புட்டியால் ஹார்மின் கழுத்தைக் குறிவைத்தேன். கழுத்து நகர்ந்துவிட்டது. மூன்று சொட்டு, மூடி திறந்திருந்த குடுவைக்குள். சுர்ர். செத்தேன்.

அவர் கவனிக்கவில்லை. மூடினார், வாயுவைத் திறந்தார். பத்தே நிமிடம் — குடுவை முழுக்க வெள்ளைப் பிளாஸ்டிக், கலக்கி சுற்ற முடியாமல் நின்றுவிட்டது.

"விப்கெ, வந்துடுச்சு... பாரேன், வந்துடுச்சு."

அவர் குடுவையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். நான் பீச்சுப்புட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

அக்டோபர் 20

மறுபடி வரவில்லை. நாலு தடவை ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் குடுவையை இன்னும் நன்றாகக் காயவைக்கிறார்.

அக்டோபர் 26

டாக்டர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "அந்த வெள்ளைப் பொடிய எந்தக் கடையில வாங்கினீங்க, ஹார்ம்?"

ஹார்ம் தன் குடுவைகளைக் கழுவப் போய்விட்டார். மத்தியானம் மீன் ரொட்டியைக் கடிக்காமலே மடித்து வைத்துவிட்டார். எனக்கும் இறங்கவில்லை.

சொன்னால் நான் வெளியே. சொல்லாவிட்டால் அவர் பொய்யர். ஏன்டி பீச்சினே? கை சும்மா இருக்காதா?

அக்டோபர் 28

சொல்லிவிட்டேன்.

"டாக்டர், அது கடையில வாங்கினது இல்ல. நான்தான் உள்ள தண்ணி விட்டேன்."

"எவ்வளவு?"

"மூணு சொட்டு. கழுத்துக்குத்தான் குறி வெச்சேன்."

"அடிப்பாவி" என்றார் ஹார்ம். அவ்வளவு மெதுவாக யாரும் என்னைத் திட்டியதில்லை.

கோட்டைக் கழற்றப் போனேன்.

"எங்க கிளம்பிட்ட? ஹார்ம், புதுக் குடுவை மாட்டுங்க. அந்தப் பீச்சுப்புட்டிய இவ கையில குடுங்க."

நவம்பர் 9

என் பெயர் ஒட்டிய ஊசிக்குழல் ஒன்று தந்திருக்கிறார்கள். ஒன்பது மணிக்கு மூன்று சொட்டு, பத்துக்கு ஐந்து, பதினொன்றுக்கு ஏழு. குடுவைக்குக் குடுவை வெள்ளை. "அளவிட்டுச் சேர்க்கப்பட்ட நீர்" என்று கட்டுரை எழுதுகிறார் ஹார்ம்.

இன்று அலுப்புத் தாங்காமல் டாக்டரின் சட்டையிலேயே பீச்சினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, எத்தனை சொட்டு என்று குறித்துக்கொண்டார்கள்.