உன் ஜாவாவும் என் ஜாவாஸ்கிரிப்டும்

இன்று காலை உடையார்பாளையத்தில் தைராய்டு பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போனேன். லேபில் இருந்த பெண் ஸ்பிரிட் நனைத்த பஞ்சைக் கையில் தேய்த்தாள். அந்த வாடையோடு நீ நினைவில் வந்துவிட்டாய். ஊசி குத்தியதே எனக்குத் தெரியவில்லை. "வலிக்குதாங்க?" என்று அவள் கேட்டபோதுதான் என் கண் கலங்கியிருப்பது தெரிந்தது. ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன்.

பெரம்பலூரில் செருப்புக்கடை மாடியில் நம் ஆபீஸ். இந்தப் பக்கத்து லேப்கள் பலவற்றுக்கு நாம் எழுதிய மென்பொருள்தான். ஒவ்வொரு ரத்த மாதிரிக்கும் எண் போட்டு, முடிவைப் பதிந்து வைப்பது உன் பாதி. அதை நீ ஜாவாவில் எழுதினாய். அந்த முடிவை எடுத்து உரியவரின் போனுக்கு அனுப்புவது என் பாதி. அது ஜாவாஸ்கிரிப்ட். பெயரில் மட்டும்தான் ஒட்டு, மற்றபடி உறவே இல்லாத இரண்டு மொழிகள். "நாமளாச்சும் ஒரே பஸ்ல வரோம்டி" என்பாய்.

ஒரு நாள் லேப்காரர் போன் செய்தார். சிரிப்பை அடக்க முடியாமல் பேசினார். "மேடம், விக்கிரமங்கலத்துப் பெரியவருக்குக் கர்ப்பம்னு மெசேஜ் போயிருக்கு. அவரு சம்சாரம் என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிட்டாங்க."

ஆபீஸே சிரித்தது. நானும்தான். நீ மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப நெசமா கர்ப்பமா இருக்குற பொண்ணுக்கு என்ன போச்சு?" என்றாய்.

ஒன்றுமே போகவில்லை. அவளுடைய முடிவுகள் மொத்தமும் பெரியவரின் போனுக்குப் போயிருந்தன. நீ அவற்றைத் திரையில் திறந்தாய். அவள் உண்டாகியிருந்தாள். உடம்பில் ரத்தம் ஆபத்தான அளவுக்குக் குறைவு. லேப்காரர் அவளை அழைத்துப் பார்த்தார், போன் அணைந்திருந்தது. நாளைக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார். அதற்குள் நீ பையைத் தோளில் மாட்டியிருந்தாய்.

"வாடி, நாமளே போயிட்டு வந்துடலாம்."

உடையார்பாளையம் வரை பஸ், அங்கிருந்து நீ காலையில் ஸ்டாண்டில் விட்டிருந்த ஸ்கூட்டி. தா.பழூர் தாண்டியதும் பாதி ரோட்டில் நெல் காய்ந்தது. நீ ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினாய். வீட்டைக் கண்டுபிடித்தபோது அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடெல்லாம் வெளுத்திருந்தது.

"ரிப்போர்ட் வரலங்காட்டியும் எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு இருந்துட்டேங்க" என்றாள்.

நீ அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாய். அவள் மாமியார் பக்கத்து வீட்டுக் காரைக் கூப்பிட ஓடினார். அன்றே ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். பிறகு குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அதன் படத்தை அவள் உனக்குத்தான் அனுப்பினாள்.

மறுநாள் காரணத்தைத் தேடினோம். உன் ஜாவா அவ்வளவு நீளமான மாதிரி எண்ணையும் இலக்கம் பிசகாமல் வைத்திருந்தது. என் ஜாவாஸ்கிரிப்டோ எண் ஓரளவுக்கு மேல் நீண்டால் கடைசி இலக்கத்தைத் தோராயமாக்கிக்கொள்ளும், பிழை என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல். அடுத்தடுத்து ரத்தம் கொடுத்த இருவரின் எண்களும் என் பக்கம் வந்ததும் ஒன்றாகிவிட்டன.

"உன்னுதும் சரி, என்னுதும் சரி. நடுவுல ஒருத்தி செத்துருப்பா" என்றாய். அன்றிலிருந்து எண்ணை எண்ணாக அனுப்பாமல் எழுத்தாக அனுப்பினாய். "உன் ஆளு அதைக் கணக்கா நெனைக்காம, பேரு மாதிரி அப்படியே வாங்கி வச்சுக்கட்டும்."

அடுத்த வருஷம் டாக்டர் உனக்கே ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். அந்த முடிவும் நம் மென்பொருள் வழியாகத்தான் வந்தது. சரியான எண், சரியான போன். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படித்தாய். பிறகு போனை என்னிடம் நீட்டினாய். "கரெக்டா வந்துருக்குடி" என்றாய். மழைக்காலம் முடிவதற்குள் நீ உயிரோடு இல்லை.

இப்போது மாடியில் நான் மட்டும்தான். மற்றவர்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் அவரவர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள். போன மாதம் உன் பாதியை வேறொரு மொழியில் புதிதாக எழுதி முடித்தார்கள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. பழையதை நிறுத்தும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். நிறுத்தினேன். லேப்களில் யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எல்லாம் அதுபாட்டுக்கு ஓடியது. அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கீழே இறங்கிப் போய் டீ வாங்கிக்கொண்டு, குடிக்காமல் நின்றேன்.

உன் பாதியைப் புதிதாக எழுதியவன் கோயம்புத்தூர்ப் பையன். நேரில் பார்த்ததில்லை. நேற்று முழுக்க அவனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. முன்பென்றால் வேலையாக இருப்பான் என்று விட்டிருப்பேன். நேற்று போன் போட்டேன்.

"என்னக்கா, எதாச்சும் பிரச்சினையா?" என்று பதறினான்.

"ஒண்ணுமில்லப்பா. சும்மாதான் கூப்பிட்டேன்."

காய்ச்சல் என்றான். அறையில் தனியாகத்தான் இருக்கிறான். ரசம் வைக்கப் பார்த்துத் தீய்த்துவிட்டதைச் சொல்லிச் சிரித்தான். இருமினான். இன்னும் பேசினான். அவன் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

போனை வைத்ததும் உன்னிடம் சொல்லலாம் என்று உன் நாற்காலியின் பக்கம் திரும்பிவிட்டேன்.