பாதியாகச் சுண்டிய வெந்நீர்

9 ஜூன் 2024, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. ஷெரின் பிறந்து இன்று ஐம்பதாவது நாள். சுஜிக்குப் பால் பத்தாததால் மகளுக்குப் பவுடர் பால்தான். அதற்கு வெந்நீர் வைப்பது என் பொறுப்பு. இந்த வீட்டில் என்னை நம்பிக் கொடுத்திருக்கும் ஒரே வேலை.

நாங்கள் குடிப்பது கேன் தண்ணீர். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக்கில் வரும் அதைக் குழந்தைக்குக் கொடுப்பதா? எங்கள் ஃபிளாட் கிணற்றுத் தண்ணீர் இந்தச் செம்பாக்கத்திலேயே தித்திப்பு. பாதியாகச் சுண்டும்வரை கொதிக்க வைக்கிறேன். பாத்திரம் துலக்க வரும் கன்னியம்மா, "இன்னா சார், கசாயமா காச்சுறீங்கோ?" என்று சிரித்தாள். சிரிக்கட்டும்.

12 ஜூன், புதன்

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. கிருமிதான், வேறென்ன? இன்னும் பத்து நிமிடம் கூடுதலாகக் கொதிக்க வைத்தேன்.

14 ஜூன், வெள்ளி

பாப்பாவின் உதடு ஒரு மாதிரி இருக்கிறது என்கிறாள் சுஜி. டியூப்லைட் வெளிச்சம் அப்படித்தான் காட்டும் என்றேன். பெரிய டாக்டர் நான்!

15 ஜூன், சனி

தாம்பரத்தில் ஆஸ்பத்திரி வராந்தா.

காலையில் உதடும் நகமும் நீலம். ஆக்ஸிஜன் வைத்தும் மானிட்டரில் ரத்த ஆக்ஸிஜன் அளவு எண்பத்து நான்கைத் தாண்டவே இல்லை. ஊசியில் எடுத்த ரத்தம் சாக்லேட் நிறம். டாக்டர் ரத்தினபாய், "பாலை எந்தத் தண்ணில கலக்குறீங்க?" என்று கேட்டார். நான் பெருமையாகவே சொன்னேன். கிணத்துத் தண்ணி மேடம், பாதியா சுண்ட வச்சு.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"கொதிச்சா கிருமி சாகும் சார். தண்ணில கரைஞ்ச நைட்ரேட் உப்பு எங்கயும் போகாது. தண்ணி மட்டும்தான் ஆவியாகும், நைட்ரேட் மிச்சத் தண்ணில இன்னும் கெட்டியாகும். பெரியவங்க தாங்கிடுவோம். இவ்ளோ சின்னக் குழந்தைன்னா, ரத்தத்தால ஆக்ஸிஜனைக் கொண்டுபோக முடியாம போயிடும்."

அப்படியென்றால் நான்தானா? வேளாவேளைக்கு அளந்து, ஆறவைத்து, கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து – நான்தான் ஊட்டினேனா? கர்த்தாவே, என்ன பண்ணிட்டேன் நான்...

16 ஜூன், ஞாயிறு

ஒரு நீல மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். நீலம் போக நீலம். இப்போது தொண்ணூற்றாறு. நன்றாகக் கத்தி அழுதாள். நானும்தான்.

19 ஜூன், புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். டாக்டர் சொன்னபடி இனி பாப்பாவுக்கும் கேன் தண்ணீர்தான். சுஜி திட்டவில்லை. "இனிமே தண்ணி விஷயத்த நான் பாத்துக்கிறேன், நீங்க விட்டுடுங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

27 ஜூன், வியாழன்

கிணற்றுத் தண்ணீரின் பரிசோதனை முடிவு வந்தது. நைட்ரேட் லிட்டருக்கு நாற்பத்தைந்து மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டுமாம். நூற்றுப் பதினெட்டு இருக்கிறது. சுண்டிய பிறகு எவ்வளவு என்று கணக்குப் போடப் பயமாக இருந்தது. போட்டேன்.

ஃபிளாட் சங்கச் செயலாளர் அரிகிருஷ்ணன் சாரிடம் காட்டினேன். அவர் தன் மீட்டரைத் தண்ணீரில் முக்கி, "டிடிஎஸ் அறுநூறுகூட இல்ல ஃபிரெடி. இதுக்குப் போய் பேஜார் பண்றீங்களே" என்றார். மொத்த உப்பை அளக்கும் அந்த மீட்டர் நைட்ரேட்டைத் தனியாகக் காட்டாது, செப்டிக் டேங்க் கிணற்றிலிருந்து பத்தடியில் இருக்கிறது, நைட்ரேட் அங்கிருந்துதான் கசிகிறது என்றேன். "வெளிய சொல்லாதீங்க. ஃபிளாட்ட எவனும் வாங்க மாட்டான். ஏதாவது பண்ணிடலாம்."

ஊதுகிற சங்கை ஊதியாயிற்று.

3 ஜூலை, புதன்

ஏதாவது பண்ணிவிட்டார். லிஃப்டில் நோட்டீஸ்: "கிணற்று நீரை நன்கு கொதிக்க வைத்த பின்னரே அருந்தவும்." என் புகாருக்குக் கிடைத்த பலன்! கிழித்துப் போட்டேன். சாயங்காலம் மறுபடி ஒட்டியிருந்தது. இந்த முறை லேமினேட் செய்து.

5 ஜூலை, வெள்ளி

கன்னியம்மாவின் மகள் பிள்ளை பெற்று வந்திருக்கிறாள். ஆண் குழந்தை, பதினெட்டு நாள். அதற்கும் பவுடர் பாலாம். பின் தெருவில் அவர்கள் வீட்டுக் குடங்களும் எங்கள் கிணற்றில்தான் நிறைகின்றன. ஷெரினுக்கு நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னேன். "கொதிக்க வெச்சா எது சார் நிக்கும்?" என்கிறாள். ஒரு கேனை நானே தூக்கிக்கொண்டு போய் அவள் வீட்டில் இறக்கி, குழந்தைக்கு இதுதான் என்றேன். தலையாட்டினாள்.

8 ஜூலை, திங்கள்

கேன் தீர்ந்துவிட்டதா என்று காலையில் கேட்டேன்.

"அது அன்னிக்கே காலி சார், மாப்ள வேலைக்கு எடுத்துகினு பூட்டாரு. பச்சக் கொழந்தைக்குக் கேன் தண்ணி குடுத்தா சளி புடிச்சிக்காதா? நீங்க கவலப்படாதீங்கோ. உங்க வூட்ல பாத்துகினுதான கீறேன்? அதே மாரி பாதியா சுண்ட வச்சிதான் குடுக்கறேன்."

குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ரெண்டு நாளா அழுவறதே இல்ல சார். சமத்து."

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டேன். ஆட்டோ வந்துகொண்டிருக்கிறது. கன்னியம்மாவைக் கீழே நிற்கச் சொல்லியிருக்கிறேன். முதலில் அந்தக் குழந்தையின் உதட்டைப் பார்க்க வேண்டும்.