நூறு மடங்கு மூக்கு

நிலவு ஆய்வுக்கூடம், அக்டோபர் 9, காலை 7.10
தொட்டி வெப்பம் 37. சத்துநீர் சரி. இதைக் கண்டெடுப்பவருக்கு: எழுதுபவன் கொம்பையா, கூடத்தின் உதவியாளன். படிப்பு எட்டாம் வகுப்பு. ஆனால் டாக்டர் ஜெசிந்தா பூமிக்கு இறங்கிய பத்து நாளாக, நிலவில் மூளை அறிவியலுக்கு முழுப் பொறுப்பும் நான்தான். தொட்டியில் இருப்பவை கிளியா செல்கள். நரம்புச் செல்லுக்குச் சோறூட்டி, குப்பை அள்ளி, காயம்பட்ட இடத்துக்கு ஓடும் எடுபிடிகள். அவற்றின் தோலெல்லாம் ஏற்பிகள். நான் மூக்கு என்பேன். அடிபட்ட செல் ஒழுகவிடும் சாற்றை மோந்துதான் இவை நகரும். டாக்டர் அந்த மூக்குகளை நூறு மடங்கு பெருக்கிவிட்டார். பாதி யோசனை என்னுடையது. பார்வைக்கு, சளியை வாளியில் பிடித்து வைத்தது போலத்தான்.

அக்டோபர் 11, காலை 10.40
ஆயுத பூஜை. குழாய், கதவு, தொட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மூடிக்கு மேல் திருஷ்டி கழித்தால் மூடிக்குத்தானே போகும்? அதனால் மூடியைத் திறந்து, தொட்டிக்கு மேலேயே எலுமிச்சம்பழம் அறுத்தேன். கத்தி விரலில் இறங்கியது. உள்ளே நாலு சொட்டு ரத்தம். வேறொருவனாக இருந்தால் மயங்கியிருப்பான்.

அக்டோபர் 12, காலை 8.05
விளிம்பில் சந்தனம் காய்ந்து மூடி சரியாக உட்காரவில்லை. நான் இடப்பக்கம் நின்றால் கூழ் இடப்பக்கக் கண்ணாடியில் ஏறுகிறது. வலப்பக்கம் போனால் வலப்பக்கம். நத்தை போன தடம், புளித்த மாவு நாற்றம். காலைச் சோறு இறங்கவில்லை.

செய்தி, காலை 9.00
“அண்ணாச்சி, தொட்டி அளவு குறையுதுன்னு இங்க காட்டுதே. என்னத்தப் போட்டிய?”
“ஒண்ணும் போடல டாக்டரம்மா.”
“பூஜை கீஜைன்னு தெறந்தியளா?”
“வெளிய நின்னு கும்பிட்டதோட சரி.”

அக்டோபர் 13, காலை 6.20
விரல் கட்டு நனைந்திருந்தது. பிரித்தேன். புண்ணுக்குள் ஏதோ நெளிந்து போனது. நுனியைப் பிடித்து இழுத்தேன். நூலாக நீண்டு, அறுந்து, மிச்சம் உள்ளே போய்விட்டது. இரண்டு முறை வாந்தி. கழுவிப் பார்த்தால் வெட்டைக் காணோம். தழும்புகூட இல்லை.

செய்தி, காலை 11.00
“நாளைக்குக் கப்பல் வருது அண்ணாச்சி. உண்மையச் சொல்லுங்க, உடம்புல எங்கயும் பட்டுதா? பட்டிருந்தா உங்கள ஏத்த மாட்டாவ. நான் சொன்னாலும் கேக்க மாட்டாவ.”
“எங்கிட்ட வருமா அது? ஒரு அதட்டு போட்டேன், தொட்டிக்குள்ள சுருண்டுகிட்டு.”
“கையக் காட்டுங்க.”
கேமரா முன் காட்டினேன்.
“நல்ல வேள, தப்பிச்சிய.”
வீட்டைப் பார்த்து ஒன்றரை வருடம் ஆகிறது. வேறு என்ன சொல்ல?

அக்டோபர் 14, பகல் 3.30
கப்பலுக்குள் உட்கார்ந்தாயிற்று. முழங்கை வரை ஊறல். தோலுக்கடியில் புழு மேய்வது போல. என் கையை நானே தொடக் கூசுகிறது. எதிரே விமானி. சவரத்தில் தாடையைக் கீறிக்கொண்டிருக்கிறார், மயிரிழை அளவு.

பகல் 3.34
ஊறல் முழுக்க விரல் நுனிக்கு இறங்குகிறது. நகத்தடியில் ஈரம். சட்டையில் துடைத்தேன். மறுபடி ஈரம். சீ.

பகல் 3.36
கதவு இன்னும் மூடவில்லை. சொல்லிவிடலாம். சொன்னால் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

பகல் 3.37
மூடிவிட்டார்கள். என் வாரை இறுக்க விமானி குனிகிறார். தாடை ஒரு சாண் தூரத்தில். நகத்திலிருந்து அது நூலாக அவர் பக்கம் நீள