உங்கள் பின்கழுத்து

அப்பா,

இந்த வருஷம் துர்க்கை சிலையை எங்கள் குடியிருப்பு முற்றத்திலேயே செய்கிறார்கள். இன்று காலை ஈரக் களிமண் வந்து இறங்கியது. அதன் வாசனை மூன்றாம் மாடிவரை ஏறிவந்தது. அடுப்பை அணைத்துவிட்டு பால்கனியில் போய் நின்றேன். உங்களிடம் பேசவேண்டும் போலிருந்தது.

ஒன்பதாம் வகுப்புவரை எனக்கு வரைய மட்டும்தான் தெரியும். ஒருநாள் ஆர்ட் மிஸ் ஆளுக்கு ஓர் உருண்டை களிமண் கொடுத்து, வீட்டில் யாராவது ஒருவருடைய தலையைச் செய்து எடுத்துவரச் சொன்னார். நம் கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குத் தூக்கமுடியாமல் தூக்கிவந்தேன். அம்மாவுக்கு உட்கார நேரமில்லை. ஆபீசிலிருந்து வந்த நீங்கள் முகம் கழுவிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தீர்கள். அதுவரை நமக்குள் பரீட்சை மார்க்கைத் தாண்டிப் பெரிதாகப் பேச்சு இருந்ததில்லை.

மூக்கும் மீசையும் சீக்கிரம் வந்துவிட்டன. மண் வைத்திருந்த பலகையைத் திருப்பினால் பின்னால் வெறும் உருண்டை. காகிதத்தில் வரைந்தபோது பின்பக்கம் என்ற ஒன்று எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. எழுந்து உங்களுக்குப் பின்னால் வந்து நின்றேன். காலர் உரசிக் கறுத்த கழுத்து. இடது காதுக்குப் பின்னால் முடி முளைக்காத ஒரு பள்ளம். தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொட்டேன். சின்ன வயதில் கரக்பூர் காலனியில் சைக்கிளிலிருந்து விழுந்தது என்றீர்கள். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, "இத்தனை வருஷத்துல எங்கிட்ட சொன்னதே இல்லையே" என்றாள். அன்று சாப்பாடு ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தீர்கள். என் விரல்கள் ஈரமாகவே இருந்தன.

மார்க் போட்டதும் எல்லாத் தலைகளையும் உடைத்துத் தொட்டியில் போட்டுவிட வேண்டும் என்று மிஸ் சொல்லிவிட்டார். அடுத்த வகுப்புக்கும் அதே மண்தான். வீட்டுக்கு வந்து அழுதேன். மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு ஆர்ட் ரூம் வாசலில் வந்து நின்றீர்கள். மிஸ்ஸிடம் வங்காள மொழியில் கேட்டுக்கொண்டு உள்ளே வந்து, மேஜையைச் சுற்றி மெதுவாக நடந்தீர்கள். பின்பக்கம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டீர்கள்.

"எங்கப்பா சைக்கிள்ல பின்னாடி உக்காந்து இந்தக் கழுத்தத்தாம்மா பாத்துட்டே போவேன். அவர் போனப்புறம் இப்பத்தான் பாக்கறேன்."

தொட்டியை எட்டிப்பார்த்துவிட்டு, "போகட்டும். இன்னொண்ணு பண்ணு, நான் உக்கார்றேன்" என்றீர்கள். தலையை நாம் இருவருமாகத்தான் தொட்டியில் இறக்கினோம்.

சொன்னபடி எத்தனையோ முறை உட்கார்ந்தீர்கள். கலைக் கல்லூரியில் சிற்பம் படிக்கிறேன் என்றபோது உறவினர்கள் முகம் சுளித்தார்கள். நீங்கள் நுழைவுத் தேர்வன்று வெயிலில் வெளியே காத்திருந்தீர்கள்.

நீங்கள் போனபிறகு உங்களை முழுதாகச் செய்துவிட வேண்டுமென்று ஆல்பங்களை எடுத்தேன். எல்லாப் படத்திலும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். மூடிவைத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் மெட்ரோவில் முன்னால் நிற்கும் வயதானவர்களின் கழுத்தில் என் கண் போய் நின்றுவிடுகிறது. போன வாரம் ஒருவர். அதே தோள், அதே காலர், அதே சாய்வு. அவர் இறங்கிய இடத்திலேயே நானும் இறங்கினேன். படியேறி, வாசலைத் தாண்டி, ஜனங்களுக்குள் அவர் மறையும்வரை பின்னாலேயே நடந்தேன். எதற்காகவும் அவர் திரும்பிவிடக் கூடாதே என்றுதான் இருந்தது.