கஞ்சி போட்ட சட்டை

என் வீட்டுக்காரருக்கு முத்தம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை. அதனால் ஊருக்கு வரும் ஹாஸ்டல் டிரைவர் ஸ்டீபனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கும்மிடிப்பூண்டியில் சமையல் வேலை வழக்கம்போல்தான். பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு சின்னத் தப்பு. நம் பேத்தி காயத்ரி, கம்பெனி வேலை போக மிச்ச நேரத்தில் ஆசையாகப் பழகினாளே, அந்தத் துப்பாக்கி சுடும் போட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை. நாலு பேர் முன்னால் அழுக்காக நிற்கலாமா என்று, சுடும்போது போட கிளப்பில் இரவல் வாங்கி வந்த கான்வாஸ் சட்டையைத் துவைத்து, என் புடவைக்குப் போடுவதுபோலக் கஞ்சி போட்டுவிட்டேன்.

"இன்னா ஆயா பண்ணி வச்சிக்கிற! போட்டிக்கு முன்னாடி சட்டைய வளைச்சுப் பாப்பாங்க. இப்டி வெறச்சிக்கினு இருந்தா, ஒடம்பு ஆடாம புடிச்சிக்கும், அது தப்பாட்டம்னு போடவே உட மாட்டாங்க" என்றாள்.

"அழுக்கா போனா மட்டும் மெடல் குடுத்துடுவானா?" என்று நானும் கேட்டுவிட்டேன்.

இரண்டு முறை அலசியும் விறைப்பு போகவில்லை. இன்று என் கையால் டீ கூடக் குடிக்காமல் வேலைக்குப் போய்விட்டாள்.

நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகாதவள். நீங்கள் என்னிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறீர்கள். முதலில் என்ன சொல்லி ஆரம்பிக்க வேண்டும் என்று எழுதி, சனிக்கிழமை திரும்பும் ஸ்டீபனிடம் கொடுங்கள். வண்டியைக் கிளப்பிவிட்டான்.

முத்தம்மாள்