பின்வரிசையில் நடந்தவன்

மச்சான்,

நகரின் கிழக்கு ஓரத்தில் ரூஜ் பக்கம் வீடு மாறுவதற்காக இன்று சாமான் கட்டும்போது, கட்டிலுக்கடியில் அந்த வீடியோக் கசெற்றின் மட்டை கிடந்தது. மணல், வெள்ளைத் தொப்பிச் சிப்பாய்கள், பிரெஞ்சு எழுத்து. கட்டுவதை விட்டுவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

இதே நகரில், வெக்ஸ்போர்ட்டில் நாம் ஒரே அறையில் இருந்த காலம். பாரிஸில் விசா கிடைக்காத உன் தம்பி, வெளிநாட்டுக்காரரைச் சேர்க்கும் பிரெஞ்சுப் படைக்குப் போகிறேன் என்று ஒரு கடிதம் போட்டான். அதன்பிறகு ஒன்றரை வருடமாக ஒரு சத்தமும் இல்லை. நூலகத்தில் அந்தப் படையைப் பற்றிய படத்தைக் கண்டதும் தூக்கிக்கொண்டு வந்தாய். ஒட்டகம், துவக்குச் சூடு, தண்ணீருக்கு அடிபாடு. இரண்டு பேருக்கும் பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. நீயே கதை சொன்னாய், முழுக்கப் புளுகு.

"நிப்பாட்டு, நிப்பாட்டு! உவன் தம்பியடா!"

பின்வரிசையில் ஒரு கறுத்த பெடியன் தோளைச் சரித்து நடந்தான். முகம் தெரியவில்லை. "பின்னாலை நடக்கிறதெல்லாம் நடிகரில்லை, உண்மையான பட்டாளமடா," என்றாய். நிறுத்திவைத்த திரையைக் கமெராவால் போட்டோ எடுத்து, யாழ்ப்பாணத்துக்கு அம்மாவுக்கு அனுப்பினாய்.

மட்டையின் பின்பக்கத்தை நான் பிறகுதான் வாசித்தேன். படம் வெளியான வருடம் போட்டிருந்தது. அந்த வருடம் உன் தம்பி ஊரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். சொல்லத்தான் வந்தேன். நீ அம்மாவின் பதிலை வைத்து அழுதுகொண்டிருந்தாய். "பிள்ளை மெலிஞ்சிட்டான், சாப்பிடுறவனோ எண்டு கேள்." மட்டையை ஒளித்துவிட்டு, தொலைந்துபோனது என்று நூலகத்தில் பொய் சொன்னேன்.

உன் அகதிக் கேஸ் விசாரணைக்கு மூன்று கிழமை இருக்க, யாரோ ஒருவரின் பாஸ்போட்டில் பாரிஸுக்கு வெளிக்கிட்டாய்.

"விசர் வேலை பார்க்காதை! போனால் திரும்ப இந்த நாட்டுக்குள்ளை விடமாட்டாங்கள்."

"அவன் உயிரோடை இருக்கிறான் எண்டு தெரிஞ்சபிறகு என்னெண்டடா நான் இஞ்சை இருக்கிறது?"

அப்போதும் நான் சொல்லவில்லை. கோழையடா நான்.

இரண்டு வருடம் தேடினாய். தம்பியைக் கண்டவர் ஒருவரும் இல்லை. போன மாதம் பாரிஸில் உன்னோடு அறையில் இருந்தவர் போன் எடுத்தார். மாரடைப்பில் நீ போய்விட்டாயாம்.

அம்மாவுக்கு நான் இன்னும் அறிவிக்கவில்லை. என் விலாசத்துக்குக் கடைசியாக வந்த அவவின் கடிதத்தை அந்த மட்டைக்குள் வைத்துக் கட்டிவிட்டேன். அது புது வீட்டுக்கும் என்னோடு வரும்.

"அண்ணனும் தம்பியும் சேர்ந்திட்டினமோ, ராசா? ரெண்டு பேரையும் ஒண்டா நிப்பாட்டி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லு."